அத்தான் போட்டுத் தராத ஜூலியா

என் அக்காவின் கணவருக்குக் கல்லூரியில் ரூட்டு என்று பெயர். லினக்ஸ் இயங்குதளம் ஓடும் கணினியில் எதையும் சேர்க்க, நீக்க, மாற்ற முழு அதிகாரம் உள்ளவருக்கு ரூட் என்று பெயர். கல்லூரியில் இருந்த அத்தனை கணினிகளின் அந்த அதிகாரமும் அத்தான் ஒருவர் மண்டைக்குள்தான் இருந்தது. பேராசிரியர்கள் முகத்துக்கு நேரே சார் போடுவார்கள். அறையைவிட்டு வெளியே வந்ததும், "என்ன, ரூட்டு மனசு வச்சாரா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள். கதவு அவ்வளவு தடிமன் இல்லை. அத்தானுக்கு எல்லாம் கேட்கும். கேட்டுவிட்டு, கேட்காதவர் மாதிரி விசைப்பலகையை ஊதித் துடைப்பார்.

அவர் அந்தக் கல்லூரிக்கு முதலில் வந்தது பழைய பெட்டித் திரைகளைத் தூக்கிக் கிடங்கில் அடுக்கும் வேலைக்கு. தூக்காத நேரத்தில் சும்மா இருக்க முடியாமல், கணினிக்குள்ளேயே இருக்கும் உதவிப் பக்கங்களைப் படித்துப் படித்து மேலே வந்தவர். அதனாலோ என்னவோ, யார் என்ன சிக்கலோடு வந்தாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது ஒரே வார்த்தைதான்: "படிங்க."

"சார், அது வந்து, ஓடவே மாட்டேங்குது."

"திரையில என்ன போட்டிருக்கு? படிங்க. முழுசா."

இயற்பியல் துறைத் தலைவர்கூட மாணவனைப் போல நின்று சிவப்பு எழுத்துகளை வரிவரியாக வாசித்திருக்கிறார். முழுதும் வாசித்து முடிக்கும்வரை அத்தான் ஒரு விசையைத் தொடமாட்டார். நான் பக்கத்து நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் ஒட்டுகிறேன். தங்கியிருப்பது அக்கா வீட்டில், மதியச் சாப்பாடு அவர் அறையில்தான். அந்த வாசிப்பைக் கேட்டுக்கொண்டே எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கிறேன்.

வெளியே இவ்வளவு கெத்தாக இருக்கும் மனிதருக்கு வீட்டில் ஒரு வியாதி இருந்தது. அக்கா மேல் சந்தேகம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அது இல்லை. அக்காவுக்கு வேறு யாராவது ஒரு உதவி செய்துவிட்டால் அவருக்கு வயிறு எரியும். வண்டியின் பிரேக்கை வழியில் ஒருவன் இறுக்கிக் கொடுத்தான் என்று அக்கா சொன்னால், அன்று சாயங்காலம் அத்தான் அதைத் தளர்த்தி மறுபடி இறுக்குவார். குக்கரின் ரப்பர் வளையத்தைக் கடைக்காரரே மாட்டிக் கொடுத்தார் என்பதற்காக, ஒரு ஞாயிறு முழுக்க அவர் யாரோடும் பேசவில்லை. அக்கா சிரித்துக்கொண்டே என்னிடம், "உன் அத்தானுக்கு நான் எங்கேயாவது மாட்டிக்கிட்டு முழிக்கணும்டா. அப்பதான் அவருக்குச் சாப்பாடு இறங்கும்" என்பாள். விளையாட்டாகத்தான் சொல்வாள். ஆனால் அது உண்மை. அவள் ஆபத்தில் முதலில் கூப்பிடும் ஆளாகத் தான் இருக்க வேண்டும். அதை எவனும் எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது. அத்தான் உயிராகக் கட்டிக் காத்த சொத்து அது ஒன்றுதான்.

அக்கா ஒரு தரை ஓடு தொழிற்சாலையின் சோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். சூளையிலிருந்து வெளியே வரும் ஓடுகள் ஆறும்போது மயிரிழை விரிசல் விட்டுக்கொண்டிருந்தன. எந்த இடத்தில், எவ்வளவு மெதுவாக ஆறவிட்டால் விரிசல் வராது என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கலாம் என்பது அவள் நம்பிக்கை. அட்டவணைச் செயலியில் போட்டுப் பார்த்தாள். அது ஒரு கணக்குக்கே மூச்சு வாங்கியது. அப்போதுதான் இந்த மாதிரி அறிவியல் கணக்குகளுக்கென்றே ஜூலியா என்று ஒரு நிரல்மொழி இருப்பதை எங்கேயோ படித்திருக்கிறாள்.

ஒரு சாயங்காலம் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தவளின் தோளுக்குப் பின்னால் அத்தான் போய் நின்றார். கறுப்புத் திரையில் பெரிய எழுத்துகளில் அந்தப் பெயர். அதன் மேல் சிவப்பு, பச்சை, ஊதாவில் புள்ளிகள்.

"இது எப்ப வந்துச்சு?"

"எது?"

"இந்த ஜூலியா."

"போன வாரம். அழகா இருக்கால்ல?"

"யாரு போட்டது?"

"வந்துடுச்சு, அவ்வளவுதான். ஏன், உள்ள வர உங்ககிட்ட சீட்டு வாங்கணுமா?"

அவள் விளையாட்டுக்குச் சொன்னாள். அத்தான் முகம் செத்துவிட்டது. அந்த மடிக்கணினியில் லினக்ஸை ஏற்றியது அவர். அக்காவுக்குச் சாதாரணக் கணக்கு ஒன்றைத் திறந்து கொடுத்துவிட்டு ரூட்டைத் தன்னிடம் வைத்துக்கொண்டதும் அவர்தான். எல்லாம் பாதுகாப்புக்காக என்பார். அதில் ஒரு எழுத்துரு சேர்க்க வேண்டுமென்றாலும் அக்கா அவரைத்தான் கேட்க வேண்டும். அவர் வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, இணையத்தில் லினக்ஸுக்கென்று இருக்கும் பொதுக் கிடங்கிலிருந்து இறக்கித் தருவார். அப்படியிருக்க, அவர் கை படாமல் ஒன்று உள்ளே வந்து உட்கார்ந்து வண்ணம் காட்டுகிறது.

மறுநாள் மதியம் டப்பாவைத் திறக்கும் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"மச்சான், அந்த வெப்பமானி இருக்கானே, அவனுக்கு லினக்ஸ் தெரியுமா?"

வெப்பமானி என்பது அக்கா தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்த சூளைப் பொறியாளர். எந்நேரமும் கையில் வெப்பமானியோடு அலைவதால் அக்கா வைத்த பெயர்.

"எனக்கு எப்படித் தெரியும் அத்தான்? நான் அவரைப் பார்த்ததுகூட இல்லையே."

"உங்க அக்கா வாய்ல நாளைக்கு நாலு தடவை அவன் பேரு வருது. வெப்பமானி இதைச் சொன்னாரு, வெப்பமானி அதைச் சொன்னாரு. ஒரு ஆளுக்கு அவ்வளவு சூடு பார்க்க என்ன இருக்கு?"

"சூளையில வேலை பார்க்கிறவர், சூடு பார்க்காம என்ன பண்ணுவாரு?"

"நீ உங்க அக்கா பக்கம்தான் பேசுவே."

கொஞ்ச நேரம் சாப்பாட்டைக் கிளறிக்கொண்டிருந்தார். பிறகு, "போட்டவன் ஒழுங்காவாவது போட்டிருக்கானா? வீட்டு அடைவுக்குள்ள கொண்டுபோய்க் கொட்டி வச்சிருக்கான். வரவேற்பறையில அடுப்பு வச்ச மாதிரி" என்றார். அப்போதே உள்ளே போய்ப் பார்த்துவிட்டார் என்று தெரிந்தது.

லினக்ஸில் ஒன்றை நிறுவ இரண்டு வழி உண்டு என்பது எனக்கு அவர் புலம்பியதிலிருந்துதான் விளங்கியது. ஒன்று, பொதுக் கிடங்கிலிருந்து எல்லோருக்கும் பொதுவாக இறக்குவது. அதற்கு ரூட் வேண்டும். இன்னொன்று, மொழியைச் செய்தவர்களின் தளத்திலிருந்து நேராக இறக்கித் தன் கோப்புகள் இருக்கும் சொந்த அடைவில் வைத்துக்கொள்வது. அதற்கு யார் தயவும் வேண்டாம். கிடங்கில் இருப்பது பெரும்பாலும் பழைய பதிப்பாக இருக்கும். ஆனால் அத்தானுக்கு அதுதான் முறை. மற்றது சுவர் ஏறிக் குதிப்பது.

சனிக்கிழமை காலையில் அக்கா வெளியே போயிருந்தபோது அத்தான் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே தட்டினார். அவர் பாடி நான் கேட்டது அபூர்வம்.

"என்ன அத்தான், பாட்டெல்லாம் பலமா இருக்கு?"

"ஒழுங்குபடுத்திட்டேன் மச்சான்."

அவர் செய்தது இவ்வளவுதான். ஜூலியா என்று தட்டினால் அதை எங்கே தேட வேண்டும் என்று கணினிக்குச் சொல்லும் வரி ஒன்று அக்காவின் கணக்கில் இருந்தது. அதன் முன்னால் ஒரு குறி போட்டு அதைப் பேசவிடாமல் செய்தார். அழிக்கவில்லை, அடுத்தவர் வைத்ததை அழிப்பது தொழில் தர்மம் இல்லையாம். பிறகு கிடங்கிலிருந்து தன் கையால் ஒரு ஜூலியாவை இறக்கினார். திறந்து ஒன்றும் ஒன்றும் எவ்வளவு என்று கேட்டார். அது இரண்டு என்றது. அதே வண்ணப் புள்ளிகள், அதே பெரிய எழுத்து. பதிப்பு எண் மட்டும் சின்னது.

"இப்பவும் அவளுக்கு அதே ஜூலியாதான். ஆனா முறையா வந்தது" என்று மூடி வைத்தார். ஊரே கூடிச் செய்த தப்பைத் தனியாளாகத் திருத்திய திருப்தி முகத்தில்.

அக்காவின் மொழியைச் சுற்றி அவள் ஒவ்வொன்றாகச் சேர்த்திருந்த பேக்கேஜுகள் என்னும் துணை நிரல்கள், வெப்பக் கணக்குக்கு ஒன்று, வரைபடத்துக்கு ஒன்று, அந்தப் புதிய பதிப்போடு மட்டும்தான் பேசும் என்பதை அவர் பார்க்கவில்லை. மற்றவர் வேலையாக இருந்தால் கண்டிப்பாகப் பார்த்திருப்பார். பொறாமைக்கு ஒன்றும் ஒன்றும் இரண்டானால் போதும்.

அக்கா திங்கட்கிழமை அதைத் திறந்தது வீட்டில் அல்ல, தொழிற்சாலையின் கூட்ட அறையில். ஞாயிறு முழுக்கக் காகிதத்தில் பேச்சைத் தயார் செய்துகொண்டிருந்தவள் கணினியைத் தொடவே இல்லை. மேலாளர், மூத்த பொறியாளர்கள், வெப்பமானி எல்லோர் முன்னாலும் கணக்கை ஓட்டிக் காட்ட வேண்டும். ஒப்புக்கொண்டால் அவள் சொல்லும் வேகத்தில் சூளையை ஒரு சுற்று விட்டுப் பார்ப்பார்கள்.

நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அத்தானின் கைபேசி அடித்தது. எடுத்து மேசையில் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டார். யாருக்குச் சொல்லிக் கொடுத்தாலும் கை இரண்டும் விசைப்பலகையில் இருக்க வேண்டும் அவருக்கு.

"என்னங்க..." அக்காவின் குரல் தணிந்திருந்தது. பின்னால் நாற்காலிகள் இழுபடும் சத்தம். "கூட்டத்துல இருக்கேன். எல்லாரும் உக்காந்திருக்காங்க. ஜூலியா திறக்குது, ஆனா—"

அத்தான் முகத்தில் வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். கூப்பிட்டுவிட்டாள். ஆபத்தில், அத்தனை பேர் நடுவில், அவரை.

"இரு, பதறாதே. அதை மூடு. நான் சொல்றதை அப்படியே அடி. டில்டா. சாய்கோடு. புள்ளி. ஒட்டினாப்ல ஜூலியாஅப். சாய்கோடு. பின். சாய்கோடு. ஜூலியா."

விசைகள் தட்டும் ஒலி.

"வந்துடுச்சு" என்றாள் அக்கா. அவள் குரலில் நிம்மதி இல்லை.

பின்னாலிருந்து ஒரு கனத்த குரல், "யாரு, வீட்டுக்காரரா? அட, அவர்தான் இதெல்லாம் பண்ணிக் கொடுக்கிறாரா? சொல்லவே இல்லையேம்மா!" என்றது. நாலைந்து பேர் சிரித்தார்கள். அத்தானும் மேசைக்கு இந்தப் பக்கமிருந்து, யாருக்கும் தெரியாமல், சிரித்தார்.

"வைக்கிறேன்" என்றாள் அக்கா.

அத்தான் மிச்சச் சாப்பாட்டை ருசித்துச் சாப்பிட்டார். எனக்குத்தான் ஏதோ உறுத்தியது. துறைத் தலைவரையே நிற்க வைத்து வாசிக்கச் சொல்கிறவர், அக்காவை ஒரு வரிகூடப் படிக்கச் சொல்லவில்லை. நோய் என்னவென்று கேட்காமலே மருந்து கொடுத்துவிட்டார்.

சாயங்காலம் அக்கா வந்தாள். செருப்பைக் கழற்றினாள், கைகால் கழுவினாள், மடிக்கணினியை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் அத்தானுக்கு எதிரில் வைத்தாள். நான் எழுந்து உள்ளே போகப் பார்த்தேன்.

"நீ எங்கேடா போறே? உக்காரு" என்றாள். பிறகு அவரிடம், "என்னை ஏன் படிக்கச் சொல்லலை?" என்றாள்.

"என்னது?"

"ஆனா-ன்னு ஆரம்பிச்சேன். அதுக்குள்ள மூடுன்னீங்க. என்ன தப்புன்னு நான் சொல்லவே இல்லையே. என் ஜூலியா எந்த அடைவுல இருக்குன்னும் நான் சொன்னதே இல்லை."

அத்தான் தண்ணீர்க் குவளையை ஒரு சுற்றுச் சுற்றினார். "முறையா இல்லாம இருந்துச்சு. அதான் சனிக்கிழமை..."

"பேக்கேஜ் ஒண்ணுமே இல்லைன்னுச்சு. என் வீட்டுக் கதவைத் திறந்தா உள்ள சாமான் எதுவும் இல்லாத மாதிரி."

"அவன் போட்ட விதம் அப்படி."

"எவன்?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் மேசை விரிப்பின் பூக்களைப் பார்த்தேன்.

"அந்த... வெப்பமானி."

அக்காவுக்குக் கோபத்தின் நடுவிலும் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததற்காக இன்னும் கோபம் வந்தது. "அவருக்கு மின்னஞ்சல் அனுப்பவே ஆள் வேணும். நான்தான் போட்டேன். அவங்க தளத்துல ஒரு வரி கொடுத்திருக்காங்க, படிச்சேன், அடிச்சேன், வந்துடுச்சு."

இதைக் கேட்டால் மனிதர் ஆறுதல் அடைவார் என்று நினைத்தேன். அத்தான் இன்னும் சுருங்கிப்போனார். வெப்பமானி என்றால் ஒரு ஆள், முறைக்கலாம், திட்டலாம். இவளே என்றால் யாரைப் போய் என்ன செய்வது?

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேன். பைதான் மொழி இருக்கே, அது எதுக்குன்னீங்க. அப்புறமும் கேட்டேன். சனிக்கிழமை பார்க்கலாம்னீங்க. அந்தச் சனிக்கிழமை வண்டி பிரேக்கைக் கழட்டிக்கிட்டு உக்காந்திருந்தீங்க."

அத்தான் குவளையிலிருந்த தண்ணீரைக் குடித்தார்.

"இப்ப என்ன ஆச்சு தெரியுமா? மேலாளர், 'வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க, அவரே வந்து விளக்கட்டும், அப்புறம் சூளையில வச்சுப் பார்ப்போம்'னு சொல்லிட்டாரு. இத்தனை நாள் ராப்பகலா நான் போட்ட கணக்கு ஒரு போன்ல உங்க கணக்கா ஆயிடுச்சு. நான் போட்டதுதான்னு சொன்னேன். தலையை ஆட்டிக்கிட்டே, 'ஆமாம்மா, ஆமாம்மா'ங்கிறாங்க."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அத்தானுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கைக்குட்டையாவது எடுத்துக் கொடுத்திருப்பார்.

"வரணும். வந்து உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லணும். அதுக்கு முன்னாடி ரூட் கடவுச்சொல்லைச் சொல்லுங்க. நான் மாத்திக்கிறேன்."

அத்தான் சொன்னார். அக்கா புதிதாக ஒன்றைத் தட்டினாள். யாராவது கடவுச்சொல் தட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வது அவர் தொழில் பழக்கம். அன்று அவள் தட்டி முடித்த பிறகும் அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்லூரி விடுமுறை நாளில் மூவரும் போனோம். சூளையைப் பார்க்க எனக்கும் ஆசை. நீண்ட இரும்புக் குகை. ஒரு முனையில் ஈர ஓடுகள் உருளைகளின் மேல் ஏறிப் போகின்றன, மறுமுனையில் கல்லாகி வருகின்றன. வெளியே வந்த ஓடுகளை ஒருவர் விரல் கணுவால் தட்டிக்கொண்டே போனார். நல்ல ஓடு கணீர் என்றது. விரிசல் விட்டது தொண்டை கட்டியவன் மாதிரி பேசியது.

கூட்ட அறையில் மேலாளர் அத்தானுக்குத்தான் முதலில் நாற்காலி இழுத்துப் போட்டார். தேநீரும் முதலில் அவருக்குத்தான். அக்கா சுவரோரம் நின்றாள்.

"சொல்லுங்க சார். எந்த இடத்துல வேகத்தைக் குறைக்கணும்கிறீங்க?"

அத்தான் திரையிலிருந்த வளைகோட்டைப் பார்த்தார். 'தெரியாது' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் அதுவரை கேட்டதில்லை. 'பார்க்கலாம்' கேட்டிருக்கிறேன், 'நாளைக்கு வாங்க' கேட்டிருக்கிறேன்.

"தெரியாதுங்க."

"பரவாயில்லை சார், சுருக்கமாச் சொன்னாப் போதும்."

"சுருக்கமாவும் தெரியாது." வெப்பமானி தேநீரை மூக்கில் ஏற்றிக்கொண்டு இருமினார். அத்தான் தொடர்ந்தார். "கணக்கு இவங்களோடது. மொழியைக் கம்ப்யூட்டர்ல போட்டதும் இவங்கதான். அன்னிக்கு நடுவுல நின்னு போச்சே, அது மட்டும்தான் நான் பண்ணது. இவங்க போட்டிருந்ததை ஒதுக்கிட்டுப் பழசை வச்சுட்டேன்."

"ஏன் சார் அப்படி?"

அத்தான் தேநீரைத் தள்ளி வைத்தார். "வேணும்னுதாங்க" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. மேலாளர் அத்தானைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நாற்காலியை அக்கா பக்கம் திருப்பினார்.

அக்கா பேசினாள். ஓட்டின் மேல்தோலைவிட உள்ளே ஆறத் தாமதமாகிற இடம், ஓடு இழுபடுகிற இடம் என்று திரையில் விரல் வைத்துக் காட்டினாள். கேள்வி கேட்டவர்களை இடைமறித்தாள். வெப்பமானி ஒரு அளவைத் தப்பாகச் சொன்னபோது, "அளந்தது நீங்க, மறந்ததும் நீங்களா?" என்று கேட்டு அறையைச் சிரிக்க வைத்தாள். அந்தக் குரல் எங்கள் வீட்டில் கேட்டதில்லை. அத்தான் அவளைப் பார்க்காமல், அவளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். தன் வீட்டு விளக்கு அடுத்த தெருவில் எரிவதைப் பார்க்கிறவர் மாதிரி.

"அடுத்த சுற்றை உங்க வேகத்துலயே விட்டுப் பார்ப்போம்மா. நீங்களே நின்னு பாத்துக்கங்க" என்றார் மேலாளர்.

வாசல்வரை வந்து வழியனுப்பிய வெப்பமானி, தன் கைபேசி அடிக்கடி உறைந்து நின்றுவிடுவதாக அத்தானிடம் நீட்டினார். அத்தான் அதை வாங்கவில்லை. "எனக்கு இதெல்லாம் தெரியாது" என்றார். ஒரு தடவை சொல்லிவிட்டால் அந்தச் சொல் பழகிவிடும் போலிருக்கிறது.

பேருந்தில் அக்காவும் அவரும் ஒரே இருக்கையில், நான் பின்னால். அக்கா சன்னலைப் பார்த்துக்கொண்டு தனக்குத்தானே லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அத்தான் தொண்டையைக் கனைத்தார்.

"அந்த நீலச் சட்டைக்காரன் யாரு?"

"எந்த நீலச் சட்டை?"

"நீ பேசி முடிச்சதும் முதல்ல கை தட்டினானே."

அக்கா திரும்பி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அங்க எல்லாருக்கும் நீலச் சட்டைதாங்க. அது சீருடை."

அத்தான் தலையை ஆட்டினார். அடுத்த நிறுத்தம் வரும்வரை பொறுத்திருந்தார்.

"மூக்குக் கண்ணாடி போட்டிருந்தான்" என்றார்.